அடுத்தவர் பிடிக்கும் சிகரெட்டும் நம் ரத்தக்குழாயும்

போடி, தேவாரம், கம்பம் பக்கத்தில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளா போகும் ஜீப்புகளைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு வரும். ஆட்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். வண்டி கொள்ளும் அளவைவிட ஆள் அதிகம். மழை என்றாலும் மார்கழிக் குளிர் என்றாலும் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள். போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் எங்காவது ஒரு வளைவில் டிரைவரோ முன்சீட்டில் இருக்கும் கங்காணியோ ஒன்றைப் பற்றவைப்பார். "அண்ணே, மேல போயிப் பிடிச்சுக்கங்கண்ணே, குமட்டுது" என்று பின்னால் இருந்து குரல் வந்தால், "ஒண்ணே ஒண்ணுதான்க்கா, குளிருக்கு" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த 'ஒண்ணே ஒண்ணு' என்ற பதில் எல்லோருக்கும் நியாயமாகப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிகரெட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நுரையீரல். திரையரங்கில் படத்துக்கு முன் போடும் விளம்பரமும் பெட்டியின் மேல் இருக்கும் படமும் புற்றுநோயைத்தான் காட்டுகின்றன. புற்றுநோயைப் பொறுத்தவரை 'கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் ஆபத்து' என்ற கணக்கு ஓரளவு சரி. எத்தனை சிகரெட், எத்தனை வருஷம் என்பதற்கு ஏற்ப அந்த ஆபத்து ஏறுகிறது. ஆனால் அடுத்தவர் புகையால் சாகிறவர்களில் மிகுதியானவர்கள் நுரையீரல் புற்றில் சாவதில்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துத்தான் சாகிறார்கள். ரத்தக்குழாய் வைத்திருக்கும் கணக்கோ வேறு மாதிரி.

முதலில் புகையைப் பார்ப்போம். பிடிப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடும் புகை, பக்கத்தில் இருப்பவருக்கு வந்து சேருவதில் சிறிய பகுதி. பெரும்பகுதி, அவர் இழுக்காமல் விரலிடுக்கில் சும்மா பிடித்திருக்கும்போது கனியும் நுனியில் இருந்து கிளம்புவது. ஒரு சிகரெட்டைப் பிடிக்க ஆகும் நேரத்தில் இழுப்பது சில நொடிகள்தான், மிச்ச நேரமெல்லாம் அது தானாகவே எரிகிறது. இழுக்காத நேரத்தில் நுனியின் வெப்பம் குறைவாக இருப்பதால் புகையிலை முழுதாக எரியாது. அரைகுறையாக எரிந்த பொருளின் புகையில் கார்பன் மோனாக்சைடும் நச்சுப்பொருட்களும் கூடுதலாக இருக்கும். அந்தப் புகை ஃபில்டர் வழியாகவும் வருவதில்லை. ஆக, காசு கொடுத்து வாங்கியவருக்குப் பஞ்சு வைத்து வடிகட்டிய புகை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாவத்துக்கு வடிகட்டாத புகை.

பீடி கொஞ்சம் வேறு ரகம். இலை சுற்றியது என்பதால் இடைவிடாமல் இழுக்காவிட்டால் அணைந்துபோகும். அதனால் பீடி பிடிப்பவர் அடிக்கடி இழுப்பார். பீடியில் புகையிலை குறைவு, அதனால் தீங்கும் குறைவு என்ற நம்பிக்கை இந்த மலையோரத்தில் பலமாக இருக்கிறது. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு 2006இல் அதற்குப் பதில் சொன்னது. பீடி பிடிப்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, எதுவும் பிடிக்காதவரைவிட 2.89 மடங்கு. சிகரெட் பிடிப்பவருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

சரி, ரத்தக்குழாய்க்கு வருவோம். இதயத்தில் இருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்தான் தமனி. அது வெறும் ரப்பர் குழாய் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1980கள் வரை மருத்துவர்களில் பலரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஓர் உட்படலம் உண்டு. அதை எண்டோதீலியம் என்பார்கள். ரத்த ஓட்டம் வேகமாகும்போது அந்தப் படலம் அதை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விடும். அந்த வாயு போய்ச் சேர்ந்ததும் குழாயின் தசை தளர்ந்து, குழாய் விரியும். தோளில் மூட்டையோடு மேடேறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேர்வது இந்த ஏற்பாட்டால்தான். அதே வாயுதான், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும், கொழுப்பு உள்ளே புகாமலும் பார்த்துக்கொள்கிறது. வாகன எஞ்சினில் இருந்து வரும் ஒரு மாசுப்பொருள் உடம்புக்குள் இப்படி வேலை செய்கிறது என்பது அன்று யாரும் எதிர்பாராத செய்தி. கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உட்படலம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, சில நிமிடங்கள் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று அவிழ்த்துவிடுவார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது புஜத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் செலர்மேயர் குழுவினர் இந்தச் சோதனையை 15 வயது முதல் 30 வயது வரையிலான, நோய் எதுவும் இல்லாத 78 பேரிடம் செய்தார்கள். 26 பேர் புகையோடு சம்பந்தமே இல்லாதவர்கள். 26 பேர் பிடிப்பவர்கள். மீதி 26 பேர் தாங்கள் பிடிக்காமல், வீட்டிலோ வேலையிடத்திலோ தினம் ஒரு மணி நேரமாவது, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் அடுத்தவர் புகையில் இருந்தவர்கள். 1996இல் முடிவு வந்தது. புகை படாதவர்களின் தமனி 8.2 சதவீதம் விரிந்தது. பிடிப்பவர்களின் தமனி 4.4 சதவீதம். பக்கத்தில் இருந்தவர்களின் தமனி 3.1 சதவீதம்.

பிடிப்பவரைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு மோசம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடக் கூடாது. வாட்ஸப்பில் இந்த எண்ணை எடுத்துப்போட்டு அப்படித்தான் சொல்லுவார்கள். 26 பேர் கொண்ட குழுக்களில் 4.4க்கும் 3.1க்கும் இடையே இருக்கும் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அந்த ஆய்வு உறுதியாகச் சொன்னது இவ்வளவுதான்: இந்தச் சோதனையில் இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை, இருவருமே புகை படாதவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். எனக்கு அதுவே போதுமான அதிர்ச்சி. இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். மாரடைப்புக்கு இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருக்கும்.

அடுத்த கேள்வி, இது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதா என்பது. ஜப்பானில் ஒட்சுகா என்பவரும் சகாக்களும் அதைப் பார்த்தார்கள். புகை பிடிக்காத 15 இளைஞர்களையும், பிடிக்கும் 15 பேரையும், புகை நிறைந்த அறையில் 30 நிமிடம் உட்கார வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இதயத் தமனியில் ரத்த ஓட்டம் எவ்வளவு கூட முடிகிறது என்று எக்கோ கருவியால் அளந்தார்கள். பிடிக்காதவர்களுக்கு முன்பு 4.4 மடங்கு கூட முடிந்தது, அரை மணி நேரம் கழித்து 3.4 மடங்குதான். அதாவது, பிடிக்காதவர்களும் பிடிப்பவர்கள் இருந்த நிலையை ஒட்டி வந்து நின்றுவிட்டார்கள். பிடிப்பவர்களுக்கோ அந்த அரை மணி நேரத்தால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். 2001இல் வெளியான முடிவு இது. அரை மணி நேரம் என்பது போடியில் ஏறி மெட்டைத் தொடுவதற்குள் போய்விடும் நேரம்.

தட்டணுக்கள் இன்னும் அவசரக்காரர்கள். புகை பிடிக்காதவர்கள் ஆஸ்பத்திரி நடைபாதையில் புகை பிடிப்பவர்கள் பக்கத்தில் 20 நிமிடம் உட்கார்ந்ததற்கே அவர்களுடைய ரத்தத் தட்டணுக்கள் ஒட்டும் பக்குவத்துக்கு மாறியதை 1989இலேயே பார்த்திருக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தினமும் பிடிப்பவரின் தட்டணுக்கள் புகைக்குப் பழகி ஓரளவு மரத்துப்போயிருக்கும். பிடிக்காதவரின் தட்டணுக்கள் பழகாதவை, அதனால் சட்டென்று எதிர்வினை காட்டும். ஏற்கெனவே குழாயில் கொழுப்புப் படிவு இருக்கும் ஒருவருக்கு இது முக்கியம். மாரடைப்பு என்பது பெரும்பாலும் குழாய் படிப்படியாக முழுதும் அடைபட்டு வருவதில்லை. பாதி அடைப்பு இருக்கும் இடத்தில் படிவின் மேல்தோல் கிழிந்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் மிச்ச வழியும் மூடிக்கொள்வதால் வருவது. ரத்தம் உறையத் துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கிழிசல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதோடு கார்பன் மோனாக்சைடு வேறு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஆக்சிஜனுக்கு இடம் இல்லை. குழாய் விரிய மறுக்கிறது, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனும் குறைகிறது, நிகோட்டினால் இதயத் துடிப்பும் கூடுகிறது. தேவை ஏறும் நேரத்தில் வரத்து இறங்கினால் முதலில் முனகுவது இதயம்தான்.

இப்போது ஒரு புதிர். நாள் முழுக்கப் பிடிப்பவரின் பக்கத்தில் இருப்பவருக்கு, பிடிப்பவர் உடம்புக்குள் போவதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு புகைதான் போகிறது. அப்படியென்றால் ஆபத்தும் நூற்றில் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்? புகையிலைக் கம்பெனிகள் நீதிமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வி இது. கேள்வியில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், புகை பிடிப்பவரோடு வாழும், தான் பிடிக்காத ஒருவருக்கு இதய நோய் வரும் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுதலாக இருக்கிறது என்றுதான் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006ஆம் வருஷத்து அறிக்கை முடிவுக்கு வந்தது. பிடிப்பவரின் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. நூற்றில் ஒரு பங்கு புகையில் மூன்றில் ஒரு பங்கு ஆபத்து எப்படி வரும்?

குழம்பில் முதல் கைப்பிடி உப்பு அதிகமாக விழுந்ததுமே வாயில் வைக்க முடியாமல் போய்விடும். அதற்கு மேல் பத்துக் கைப்பிடி போட்டாலும் பத்து மடங்கு கரிக்காது. ரத்தக்குழாயின் உட்படலமும் தட்டணுக்களும் புகையிடம் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மிகச் சிறிய அளவிலேயே அவற்றின் எதிர்வினை கிடுகிடுவென்று ஏறிவிடுகிறது, பிறகு மேலே போகப் போக மட்டப்படுகிறது. பர்னோயா, கிளான்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2005இல் அதுவரை வந்த ஆய்வக முடிவுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, தட்டணுக்கள், உட்படலம், தமனி விறைப்பு போன்றவற்றில் அடுத்தவர் புகையின் விளைவு, நேரடியாகப் பிடிப்பதால் வரும் விளைவில் சராசரியாக 80 முதல் 90 சதவீதம் இருந்தது. பிடிப்பவர்களையே வைத்துப் பார்த்த வேறொரு ஆய்வும் இதையே உறுதி செய்தது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்து, நாளைக்கு 20 பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி என்றது. இருபதில் ஒன்று என்று எதிர்பார்த்தால் இரண்டில் ஒன்று என்று வருகிறது. இருபதை ஐந்தாகக் குறைத்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்களின் நுரையீரலுக்கு அதில் லாபம் உண்டு. ரத்தக்குழாய்க்கு அவர்கள் நினைக்கும் அளவு லாபம் இல்லை.

நாள்பட்ட சேதத்துக்கும் அளவு எடுத்திருக்கிறார்கள். கழுத்தில் துடிக்கும் தமனியின் சுவர்க் கனத்தை அல்ட்ராசவுண்டில் மில்லிமீட்டரில் அளக்க முடியும். அது தடிப்பது கொழுப்புப் படிவின் ஆரம்பம். அமெரிக்காவில் 10,914 பேரை மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், பிடிப்பவர்களுக்கு அந்தத் தடிப்பு 50 சதவீதம் வேகமாகவும், அடுத்தவர் புகையில் இருந்தவர்களுக்கு 20 சதவீதம் வேகமாகவும் கூடியிருந்தது.

குழந்தைகள் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. பின்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சிறுவயதில் இருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களை அவர்கள் வளர்ந்த பிறகு சோதித்தார்கள். அப்பா அம்மா இருவரும் புகை பிடித்த வீட்டில் வளர்ந்தவர்களின் கழுத்துத் தமனி, மற்றவர்களுடையதைவிட 3.3 வருஷம் முதிர்ந்திருந்தது. 2014இல் வந்த முடிவு. நம் ஊரில் அப்பா அம்மா இருவரும் பிடிக்கும் வீடு அபூர்வம், அதனால் இந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் ஒரே அறையில் அப்பா, தாத்தா, சித்தப்பா என்று மூன்று பேர் பிடிக்கும் வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் மறுப்பே இல்லையா என்றால், இருந்தது. முக்கியமான மறுப்பு இதுதான்: புகை பிடிப்பவரின் மனைவி பல விதங்களில் மற்றவர்களிடம் இருந்து வேறுபட்டவராக இருக்கலாம். வருமானம் குறைவாக இருக்கலாம், எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடலாம், அவர்கள் வீட்டில் விறகடுப்புப் புகையும் சேர்ந்திருக்கலாம். 25 சதவீதம் போன்ற சிறிய வித்தியாசத்துக்கு இந்தக் கலப்படங்களே காரணமாக இருக்கக்கூடும். மக்களிடம் எடுத்த கணக்கு மட்டும் கையில் இருந்திருந்தால் இந்த மறுப்பு நின்றிருக்கும். ஆய்வகத்தில் ஒரே ஆளைப் புகைக்கு முன்னும் பின்னும் அளந்த சோதனைகள் இருப்பதால்தான் அது நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் யாருடைய வருமானமும் சாப்பாடும் மாறிவிடுவதில்லை. கம்பெனிகள் கிளப்பிய சந்தேகங்களில் எவ்வளவு உண்மையான சந்தேகம் என்பதும் பிறகு தெரிந்தது. அடுத்தவர் புகையின் தீங்கை உள்ளுக்குள் தெரிந்துகொண்டே வெளியில் மறுத்துவந்தார்கள் என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஆகஸ்ட்டில் தீர்ப்பெழுதினார்.

விறகடுப்பை இதில் இருந்து தனியாகப் பிரிக்க வேண்டாம் என்பேன். புகையில் இருக்கும் நுண்துகள் எங்கிருந்து வந்தது என்று உட்படலம் விசாரிப்பதில்லை. எஸ்டேட் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஈர விறகு புகையும் சமையல்மூலையும் பீடிப் புகையும் ஒரே காற்றில்தான் கலக்கின்றன. ஒன்றைக் குறைக்கவாவது வழி இருக்கும்போது இன்னொன்றைக் காட்டி அதைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

சட்டம் என்று பார்த்தால் இந்த எல்லைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகை பிடிப்பது பக்கத்தில் இருப்பவரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே வந்த தீர்ப்பு. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர். லட்சுமணன். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். முல்லைப் பெரியாறு விவகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் தமிழ்நாட்டின் சார்பாக இருந்தவர் அவர்தான். அணைக்காக எல்லையின் இந்தப் பக்கம் நின்றவர், புகைக்கு எதிராக அந்தப் பக்கத்தில் இருந்து தீர்ப்புச் சொன்னவர்.

பிறகு 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2003இல் மத்தியச் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள், 200 ரூபாய் வரை அபராதம். பொதுப் போக்குவரத்து வாகனங்கள் இதற்குள் வருகின்றன. கூலிக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பற்றவைப்பவர், தமிழ்நாட்டு வளைவில் இருந்தாலும் கேரளத்து வளைவில் இருந்தாலும், ஒரே சட்டத்தைத்தான் மீறுகிறார். செக்போஸ்டில் ரெண்டு மாநில அதிகாரிகளும் எதை எதையோ தேடுவார்கள். இதைத் தேடி நான் பார்த்ததில்லை.

இப்படிச் சட்டம் போட்டால் ரத்தக்குழாய்க்கு நிஜமாகவே பலன் உண்டா? அமெரிக்காவில் ஹெலினா என்ற சின்ன ஊர் தற்செயலாக ஒரு சோதனைக்கூடமாகிவிட்டது. 2002இல் அங்கே பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைக்குத் தடை போட்டார்கள். ஆறு மாதத்தில் வழக்கு வந்து தடை நிறுத்திவைக்கப்பட்டது. மற்ற வருஷங்களில் அதே ஆறு மாதங்களில் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் சராசரியாக 40 பேர். தடை இருந்த ஆறு மாதத்தில் 24 பேர். தடை போனதும் எண்ணிக்கை பழையபடி ஏறியது. ஊர் சின்னது, எண்ணிக்கை சின்னது, இதை மட்டும் நம்பிவிட முடியாது என்று பலர் சொன்னது நியாயம். பெரிய இடங்களில் எடுத்த கணக்குகளில் இவ்வளவு பெரிய சரிவு வரவும் இல்லை. ஆனால் சரிவு வந்தது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்த பிறகு ஒன்பது ஆஸ்பத்திரிகளில் தீவிர இதயத் தாக்குதலோடு வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். அதே சமயத்தில் தடை இல்லாத இங்கிலாந்தில் குறைந்தது 4 சதவீதம். ஸ்காட்லாந்தில் தப்பித்தவர்களில் 67 சதவீதம் பேர் புகை பிடிக்காதவர்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிடிப்பவர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம் என்று நினைத்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

இவ்வளவும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வருவதில்லை, வரவும் முடியாது. 2016–17இல் நாடு தழுவி எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டில் அடுத்தவர் புகை படுவதாகச் சொன்னவர்கள் 38.7 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 52.3. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் பத்தில் நான்கு பேர் என்றால் கொஞ்சம் இல்லை. கேரளாவில் புகையிலைப் பழக்கமே 21.4 சதவீதத்தில் இருந்து 12.7க்கு இறங்கிவிட்டது. மாநில சராசரி அது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் லயத்துக்குள் நிலவரம் எப்படி என்று அந்தச் சராசரியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

லயம் என்றால் ஒரே வரிசையில் ஒட்டிக்கட்டிய வீடுகள். ஓர் அறை, ஒரு சமையல்மூலை. ஜூன், ஜூலை மழையில் கதவைத் திறந்து வைத்தால் சாரல் உள்ளே வரும், ராத்திரி திறந்தால் குளிர் தாங்காது. கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வரும் அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, இருமலோடு மூலையில் படுத்திருக்கும் அப்பத்தா, எல்லோரும் அந்தக் காற்றில்தான். 'ஜன்னல் பக்கம் நின்னுதான் பிடிக்கிறேன்' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் சமாதானம். வெளிக்காற்று உள்ளே வீசும் நேரத்தில் ஜன்னலில் நிற்பவரின் புகை வெளியே போகாது, வீட்டுக்குள்தான் வரும். ஃபேன் போட்டால் புகை குறைவதில்லை, எல்லா மூலைக்கும் சமமாகப் பரவுகிறது. ஊதுபத்தி வாசனையை மறைக்கும், அதுவும் ஒரு புகைதான். முற்றத்துக்கோ லயத்துக்குக் கீழே தேயிலைப் பாதைக்கோ இறங்கிப் போய்ப் பிடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வருவது ஒன்றுதான் உருப்படியான வழி. மழையில் அது கஷ்டம், தெரிந்துதான் சொல்கிறேன்.

இதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். "வெளில போயிப் பிடிங்க" என்று மருமகள் மாமனாரிடம் சொல்ல முடியுமா? மனைவி சொன்னால், "எங்கப்பா காலத்துல இருந்து இந்த வீட்டுல பிடிக்கிறோம், யாரு செத்தா" என்று வரும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தினர், கேரளாவில் 'புகையில்லா வீடு' என்ற முயற்சியை உருவாக்கிப் பார்த்து 2015இல் அதைப் பற்றி எழுதினார்கள். பெண்களுக்குப் புகையின் தீங்கு தெரியாமல் இல்லை, தனி ஆளாகப் புருஷனிடம் சொல்லத்தான் முடியவில்லை என்ற நிலைமையில் இருந்துதான் அந்த முயற்சி கிளம்பியது. அதனால் வீட்டுக்கு வீடு தனியாகப் போராடுவதற்குப் பதில், அந்த வட்டாரமே சேர்ந்து 'எங்கள் வீடுகளுக்குள் புகை இல்லை' என்று முடிவெடுக்கும்படி செய்தார்கள். விடச் சொல்லவில்லை, வெளியே போகச் சொன்னார்கள். லயத்துக்கு இது இன்னும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வீடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் ஊர்க்கட்டுப்பாடு என்பது வெறும் பேச்சு இல்லை. ஜீப்புக்கும் அதே கதைதான். ஒரு பெண் சொன்னால் "ஒண்ணே ஒண்ணுதான்க்கா". பின்சீட்டு மொத்தமும் சொன்னால் டிரைவர் என்ன செய்வார்? நாளைக்கு ஆள் ஏற வேண்டுமே.

புகையில் இருந்து விலகினால் ரத்தக்குழாய் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதையும் சிட்னிக்காரர்களே பார்த்தார்கள். முன்பு வருஷக்கணக்கில் அடுத்தவர் புகையில் இருந்துவிட்டு, பிறகு அதில் இருந்து விடுபட்ட இளைஞர்களை 1999இல் சோதித்தபோது, இன்னும் புகையில் இருப்பவர்களைவிட அவர்களின் தமனி நன்றாகவே விரிந்தது. புகையே படாதவர்கள் அளவுக்கு எட்டவில்லை. பாதி வழி திரும்பியிருந்தார்கள். தட்டணுக்களின் வாழ்நாள் ஏறக்குறையப் பத்து நாள்தான், அந்தப் பக்கம் சீக்கிரமே சரியாகும். சுவர் தடித்தது அவ்வளவு சுலபத்தில் மெலியாது.

ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை உள்ளவர், ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரின் மாத்திரையைத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்கத்தான் கொடுக்கிறார்கள், அதே தட்டணுக்களைப் பக்கத்து நாற்காலிப் புகை ஒட்ட வைக்கப் பார்க்கிறது. நெஞ்சுவலி என்று வரும் பெண்ணிடம், "நீங்க பீடி சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டு 'இல்லை' என்று எழுதிக்கொள்வதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது. வீட்டில் யார் பிடிக்கிறார்கள், எங்கே நின்று பிடிக்கிறார்கள், வேலைக்கு எந்த வண்டியில் போகிறீர்கள் என்று இன்னும் மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால் கோட்டினின் என்ற பொருளை ரத்தத்திலோ சிறுநீரிலோ எச்சிலிலோ அளந்து பார்க்கலாம். நிகோட்டின் உடம்பில் மாறி உண்டாவது அது. கடந்த இரண்டு மூன்று நாட்களில் யாருடைய புகை உள்ளே போயிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.